மீசாலைப் பிரயாணியின் முறைப்பாடு

மீசாலை முத்துக்குமாருவுக்கு மோட்டார்க் காரைப் பற்றி அதுவரை தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். பின்னால் ஊதினால் வண்டிலை ஓரம் கட்ட வேண்டும். அந்தக் காருக்குள் ஏறி இருப்பதற்கு இவ்வளவு படிப்பு வேண்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில், அதுவும் அந்த ஒரு நாளில் போய், அதைப் படிக்க வேண்டி வந்ததைத் தலைவிதி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நாள் என்றால், மானிப்பாய் மிசன் ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி சின்னத்தங்கத்துக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன நாள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது. ஐந்து கிழமை வைத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் கட்டி. வெள்ளைக்கார டொக்டரம்மா காலையில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு, நேர்ஸ் தேவமலரிடம் மெதுவாக ஏதோ சொல்லிப் போனாள். தேவமலர் முத்துக்குமாருவை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இன்றைக்கே கொண்டுபோக வேண்டும், மாட்டு வண்டிலில் மட்டும் வேண்டாம், அந்தக் குலுக்கம் தாங்க மாட்டா என்று சொல்லிவிட்டு அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னத்தங்கத்துக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மருந்து கேட்கவில்லை, சாமி கும்பிடவில்லை, கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"பாலேசைப் பாக்க வேணும். என்னை வீட்டை கொண்டுபோங்கோ."

பாலேசு என்பது அவர்களுடைய ஒரே மகள் பாலேஸ்வரி. பதின்மூன்று வயது. தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, பன்னிரண்டு நாளைக்கு முன்தான் அவள் பெரியபிள்ளையாகி, வீட்டில் ஓர் அறைக்குள் அத்தையின் காவலில் இருக்கிறாள். முப்பத்தொரு நாள் கழியாமல் படலை தாண்டக் கூடாது. பிள்ளை தாயிடம் வர வழியில்லை என்றால் தாய்தான் பிள்ளையிடம் போக வேண்டும். மானிப்பாயிலிருந்து மீசாலைக்குப் பதினேழு மைல். அந்தப் பதினேழு மைலையும் பொழுதுபட முன்னம் உயிரோடு கடந்து, சின்னத்தங்கம் மகளின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். முத்துக்குமாருவுக்கு அன்றைக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை.

சந்தியில் பஞ்சலிங்கத்தின் வாடகைக் கார் நின்றது. பஞ்சலிங்கம் நல்ல மனிதன். கதையைக் கேட்டு முடிக்க முன்னமே துணியை எடுத்துப் பின் ஆசனத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாகத் துடைப்பதை நிறுத்தினான்.

"அண்ணை, கார் ரெடி. நானும் ரெடி. ஆனால் நீங்கள் ரெடி இல்லை," என்றான்.

அது யுத்தம் வரப்போகிறது என்று பத்திரிகைகள் மிரட்டிக்கொண்டிருந்த வருடம். யுத்தத்துக்கு முன்னதாக இன்சூரன்ஸ் வந்துவிட்டது. வீதியில் ஓடுகிற கார்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வேண்டும் என்று புதுச் சட்டம். சட்டம் நல்லதுதான், சட்டத்தை யார் குறை சொன்னது? சட்டம் சொன்னது ஒரு முழம், அதற்குக் கம்பனி சேர்த்தது ஒன்பது முழம். பஞ்சலிங்கத்தின் காரைப் பொறுப்பெடுத்திருந்த வடமாகாண மோட்டார்ப் பாதுகாப்புக் கம்பனியின் விதிப்படி, வாடகைக்குப் பிடிக்கிற ஆள் பட்டினத்தில் உள்ள கந்தோருக்குத் தானே நேரில் போய், தனக்கு எந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று விளங்கித் தெரிவு செய்து கையெழுத்து வைக்க வேண்டும். 'விளங்கி' என்பதில் கம்பனி கண்டிப்பு. விளங்காமல் வைத்த கையெழுத்து செல்லாது. ஆளைக் கந்தோர்வரை கொண்டுபோய் விடலாம், அதற்கு அப்பால் கையெழுத்து இல்லாமல் கார் உருண்டால் பஞ்சலிங்கத்தின் கார் அவனுக்கில்லை.

சரி, ஒரு கையெழுத்துத்தானே என்று முத்துக்குமாரு காரில் ஏறினார். கந்தோரில் போய் இறங்கியபோது ஒன்பது மணி.

மனேஜர் நேசையா தங்க விளிம்புக் கண்ணாடி போட்டவர். ஆங்கிலத்தில் யோசித்து, அதைத் தோட்டம் செய்கிற சனத்துக்காகத் தமிழில் கரண்டி கரண்டியாகப் பரிமாறுகிறவர். அவருடைய தலைக்கு மேலே சுவரில் ஒரு படம். கார் ஒன்று எரிகிறது, பக்கத்தில் ஒரு குடும்பம் அழுகிறது. அதைப் பார்த்து அவர் ஒவ்வொரு நாளும் உற்சாகமடைகிறார் என்று தெரிந்தது.

"நீர் எதுக்குப் பயப்படுகிறீர்?" என்று முதல் கேள்வி கேட்டார்.

தான் ஒன்றுக்கும் பயப்படவில்லை, மனைவியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் என்றார் முத்துக்குமாரு.

நேசையாவுக்கு அது பிடிக்கவில்லை. "பயமில்லாத ஆளுக்குப் பாதுகாப்புத் தர ஏலாது. முதலிலை பயத்தைத் தெரிவு செய்யும். நாலு பயம் இருக்கு. நவரட்ணம், வாசியும்."

கிளாக்கர் நவரட்ணம் மெலிந்த, குரல் எழும்பாத மனிதர். அவர் வாசித்தார். முதலாவது, காருக்கு வரும் சேதம். இரண்டாவது, மூன்றாம் ஆளுக்கு வரும் சேதம். மூன்றாவது, பிரயாணிக்கு வரும் சேதம். நாலாவது, சுமைக்கு வரும் சேதம். நாலையும் சேர்த்து எடுத்தால் அதற்குப் பெயர் பூரண பாதுகாப்பு.

மூன்றாம் ஆள் யார் என்று முத்துக்குமாரு கேட்டது தப்பாகப் போய்விட்டது. கம்பனி முதலாம் ஆள், கார்க்காரன் இரண்டாம் ஆள், வீதியில் போகிற, வருகிற, இனிப் பிறந்து வரப்போகிற சனமெல்லாம் மூன்றாம் ஆள் என்று நேசையா அரைமணித்தியாலம் விளக்கினார். அப்படியென்றால் நான் எத்தனையாம் ஆள் என்று இவர் கேட்டார். நேசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீர் ஆள் இல்லை. நீர் வாடகைக்காரர்," என்றார்.

பிறகு ஆடு வந்தது. கட்டியிருந்த ஆட்டைக் கார் அடித்தால் கம்பனி பார்க்கும். கட்டாமல் நின்ற ஆடு தன்னுடைய பொறுப்பில் நிற்கிறது. கோழி எந்தப் பாதுகாப்பிலும் இல்லை, ஏனென்றால் கோழி யோசித்துக் குறுக்கே ஓடுவதில்லை. பனை முறிந்து கார்மேல் விழுந்தால் அது கடவுளின் செயல். கடவுளின் செயலுக்குக் கம்பனி பொறுப்பில்லை.

எந்தக் கடவுள் என்று முத்துக்குமாரு கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. நேசையா கிறிஸ்து வேதக்காரர் என்பது தெரிந்ததால் மரியாதைக்குக் கேட்டார்.

"கம்பனி அதிலை வித்தியாசம் பாராட்டிறதில்லை. எந்தக் கடவுள் செய்தாலும் நாங்கள் குடுக்க மாட்டம்."

இனி, எந்தச் சேதம் வந்தாலும் முதல் இருபத்தைந்து ரூபா சேதம் வாடகைக்காரருக்குச் சொந்தம், அதற்கு மேலேதான் கம்பனிக்கு. சேதம் அதற்கு மேலே போகாவிட்டால்? போகாவிட்டால் சந்தோசம், கம்பனியும் அவரோடு சேர்ந்து சந்தோசப்படும். பூரண பாதுகாப்பில் மேலே சொன்ன எல்லாம் அடங்கும், கீழே சொன்னவை தவிர. அந்தக் கீழே சொன்னவை மேலே சொன்னவற்றைவிட இரண்டு பக்கம் கூட.

முத்துக்குமாரு மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தரை. ஐயா, இதிலே எது கெதியாக முடியுமோ அதைத் தாருங்கோ என்று கெஞ்சினார். கெதி என்று தங்களிடம் ஒரு பாதுகாப்பு இல்லை என்று நேசையா வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் பூரண பாதுகாப்பே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நவரட்ணம் பேனையை மையில் தோய்த்தார். பிரயாணியின் பெயர், வயது, ஊர். பிரயாணியின் தேகசுகம் எப்படி?

முத்துக்குமாரு பொய் பேசிப் பழக்கமில்லாதவர். "டொக்டரம்மா கையை விரிச்சிட்டா. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு சொன்னவை," என்றார்.

பேனை நின்றது. நேசையா எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

அப்புறம் நடந்த விளக்கம் பதினொன்றே முக்கால் வரை போயிற்று. சாகக் கிடக்கிற ஆள் பிரயாணி ஆக மாட்டார். அவர் வழியில் இறந்தால், வருத்தத்தால் இறந்தாரா காரால் இறந்தாரா என்று கம்பனிக்கு எப்படித் தெரியும்? சரி, சுமை என்று எழுதலாமா என்றால், சுமை ஏற்றும்போது அதற்கு உயிர் இருக்கக் கூடாது, பெறுமதியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாதி வழிவரை பிரயாணி, மிச்சத்துக்குச் சுமை என்று எழுதினால், மாறிய இடத்தை மைல்கல் இலக்கத்தோடு இரண்டு சாட்சி ஒப்புக்கொள்ள வேண்டும். நவரட்ணம் இவ்வளவையும் தலையைக் குனிந்துகொண்டே புத்தகத்திலிருந்து வாசித்தார். தன் மனைவியின் பெறுமதி என்ன என்று ஒருவர் மேசையில் பேனையோடு கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் என்ன பேசுவது என்று முத்துக்குமாருவுக்கு விளங்கவில்லை.

நேசையா கல்நெஞ்சக்காரர் அல்லர். அவரே ஒரு வழி சொன்னார்.

"இஞ்சை பாரும். நான் வேதக்காரன். பொய் சொல்லும் எண்டு ஒருநாளும் சொல்ல மாட்டன். நீர் இப்ப சொன்னது எனக்குக் கேக்கயில்லை. பன்னிரண்டு மணிக்குக் கந்தோர் சாப்பாட்டுக்குப் பூட்டும். ஒரு மணிக்குத் திறந்தாப்போலை நீர் புதிசாய் வாரும். மனுசி எப்பிடி எண்டு கேப்பன். சுகம் எண்டு சொல்லும். சொல்லுறது நீர், எழுதுறது நவரட்ணம், நம்பிறது கம்பனி. இதிலை நான் எங்கை பொய் சொன்னன்?"

ஒரு மணிக்கு முத்துக்குமாரு புதிதாக வந்தார். மனைவி சுகம் என்று சொன்னார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நவரட்ணம் எழுதினார். எழுதி முடிந்ததும் நேசையாவுக்கு ஒரு சந்தேகம் எழும்பியது. சுகமான மனுசி ஏன் ஆஸ்பத்திரி வாசலில் கார் ஏறுகிறா? இது கம்பனியை ஏமாற்றுகிற வேலையாக இருக்குமோ? ஆகவே கம்பனி இன்ஸ்பெக்டர் கனகசபாபதி பிரயாணியை நேரில் பார்த்து, அதே காரில் கூடவே போய், இறங்கும் இடத்தில் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இன்ஸ்பெக்டர் தன் தொப்பியையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பஞ்சலிங்கம் முத்துக்குமாருவை முன்னதாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இன்ஸ்பெக்டரை ஏற்றத் திரும்பிப் போனான். கையில் அரைமணித்தியாலம்.

சின்னத்தங்கம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் சொல்லி முடித்துவிட்டு அழுதுவிட்டார். அவள் அழவில்லை.

"எத்தினை மணித்தியாலம் இருக்க வேணும்?"

"ஒண்டரை வரும்."

"இருப்பன்," என்றாள்.

தேவமலர் அவளைத் தூக்கி இருத்தி முகம் துடைத்து, தலை வாரி இழுத்து, தன்னுடைய நீலச் சேலையை உடுத்திவிட்டாள். தேவமலர் வேதக்காரி, அவளிடம் குங்குமம் இல்லை. அடுத்த வார்ட்டில் பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண்ணிடம் ஓடிப்போய் வாங்கிவந்து பொட்டு வைத்தாள். இரண்டு பேரும் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். காரும் இன்ஸ்பெக்டரும் படலைக்குள் திரும்பியபோது சின்னத்தங்கம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மனுசி மாதிரித் தன் காலில் நின்றாள்.

கனகசபாபதி வட்ட முகமும் நிறைந்த வயிறுமாய், யாரோடும் சிரித்துக் கதைக்கிறவர். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துப் படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, எங்கை பயணம் தங்கச்சி என்று விசாரித்தார்.

"பிள்ளை பெரியபிள்ளையாகியிருக்கிறாள். அவளைப் பாக்கப் போறன்," என்றாள் சின்னத்தங்கம். அன்றைக்கு எல்லாருமாய்ச் சொன்னவற்றில் பொய் கலவாத பேச்சு அது ஒன்றுதான்.

நல்ல காரியம், நல்ல காரியம் என்று இன்ஸ்பெக்டர் முன் ஆசனத்தில் ஏறி, சிறு புத்தகத்தைத் திறந்து பிரயாண விதிகளை வாசித்தார். பிரயாணிகள் நிமிர்ந்து இருக்க வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் சாயக் கூடாது, சாய்ந்தால் சாய்ந்தவர் சுமையாகக் கருதப்படுவார். முத்துக்குமாரு தோளில் கிடந்த சால்வையை மடித்து, இன்ஸ்பெக்டர் திரும்பாத நேரம் பார்த்து அவளுடைய முதுகுக்குப் பின்னால் வைத்தார். அன்றைக்கு அவர் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பஞ்சலிங்கம் கார் ஓட்டவில்லை, தூக்கிக்கொண்டு போனான் என்று சொல்லலாம். ஒவ்வொரு பள்ளம் கிடங்குக்கும் நின்று, ஒவ்வொரு மதகையும் ஊர்ந்து கடந்தான். அரியாலையில் மீன் கூடை கட்டிய ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. ஏன் இப்படி மெள்ள ஓடுகிறாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, ஐயா பக்கத்திலே இருக்கிறபடியால் பயமாயிருக்கு என்றான். அது இன்ஸ்பெக்டருக்கு நல்லாய்ப் பிடித்துப்போயிற்று.

"உதுதான் இன்சூரன்சின்ரை குணம்," என்று அவர் பின்பக்கம் திரும்பி ஆசனத்தில் கையைப் போட்டுக்கொண்டு தொடங்கினார். "முந்தி மனுசர் சாவுக்குப் பயந்தவை. இப்ப படிவத்துக்குத்தான் பயம். படிவத்தை ஒழுங்காய் நிரப்பின ஆளுக்குச் சாவு வந்தாலும் ஒழுங்காய்த்தான் வரும். போன மாசம் ஒரு ஆள் பாலத்திலை காரோடை விழுந்து செத்தார். எல்லாப் பத்திரமும் கைச்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை. ஒரு எழுத்துப் பிழையில்லை. பாக்க ஆசையாயிருந்தது தங்கச்சி."

"ஓம்," என்றாள் சின்னத்தங்கம்.

நாவற்குழிப் பாலம் வந்தது. கடல்நீர் இரண்டு பக்கமும் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. அவளுடைய கை ஆசனத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்ததை முத்துக்குமாரு கண்டார். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைக்க வேண்டும் போல இருந்தது. சுகமான மனைவியின் கையைப் பட்டப்பகலில் ஊரான் ஒருவன் பார்க்க எந்தப் புருசன் பிடிக்கிறான்? அவர் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், கடைசிப் பதினேழு மைல், இரண்டு பேருக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. மகளுக்கென்று எடுத்துவைத்த சேலை எந்தப் பெட்டியில், அவளை யார் வீட்டில் கேட்டால் கொடுக்க வேண்டும், யார் வீட்டில் கொடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்த் தானே எல்லாம் பார்க்கப் போகிற ஒரு பெண் இதையெல்லாம் காருக்குள் ஏன் சொல்லப்போகிறாள்? ஆகையால் அவள் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். நாலு என்றார் அவர். நாலு பேரையும் பற்றி நுணாவில் ஊர் வரைக்கும் சொன்னார்.

சாவகச்சேரி தாண்டும்போது அவளுடைய உதடு வெளுத்துவிட்டது. முத்துக்குமாரு வாயைத் திறந்தார், காரை நிறுத்து என்று சொல்ல. அவள் தலையைத் திருப்பாமலே, "உங்கை மாமரம் தெரியுது, வந்திட்டம்," என்றாள். இன்ஸ்பெக்டரும் மாமரங்களைப் பார்த்து, மீசாலை மாம்பழத்துக்கு நிகர் இல்லை என்றார்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது நாலு மணி பத்து நிமிடம். இன்ஸ்பெக்டர் நேரத்தை எழுதிக்கொண்டார். பிறகு இறங்கும் பத்திரத்தையும் பேனையையும் சின்னத்தங்கத்திடம் நீட்டினார். மிசன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள், முத்துக்குமாருவைவிட நன்றாக எழுதுவாள். பிரயாணி எப்படி வந்து சேர்ந்தார் என்று முதல் கேள்வி. 'சுகமாய் வந்து சேர்ந்தன்' என்று எழுதினாள். அடுத்தது, பிரயாணிக்கு ஏதும் முறைப்பாடு உண்டா? அந்த இடத்தில் எல்லாரும் ஒரு கோடுதான் கீறுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொடுத்தார். சின்னத்தங்கம் கோடு கீறாமல் ஏதோ எழுதினாள், கையெழுத்து வைத்தாள். முறைப்பாட்டைக் கந்தோரில்தான் திறந்து பார்க்கலாம், தானே பார்க்கக் கூடாது என்று சொல்லி இன்ஸ்பெக்டர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அதை மடித்து உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார். கடமையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

சின்னத்தங்கம் இறங்கினாள். மகளுக்குக் காவலிருந்த மச்சாள் பிடிக்க வந்தபோது அவளுடைய கையை விலக்கிவிட்டாள். முற்றத்தைக் கடந்து, வாசற்படி ஏறி, மகள் இருந்த அறைக்குள் தானே நடந்து போனாள்.

பின்னால் ஓடப்போன முத்துக்குமாருவை இன்ஸ்பெக்டர் தடுத்தார். வாடகைக்காரரின் கையெழுத்து இன்னும் இல்லை. மூன்று பிரதி. முத்துக்குமாரு காரின் மட்காட்டில் கடுதாசியை வைத்து எழுத்துக் கூட்டிக் கையெழுத்து வைத்தார். முதலாவது வைத்தார். உள்ளே இருந்து மகள் 'அம்மா' என்று சந்தோசமாகக் கூப்பிட்டது கேட்டது. இரண்டாவது வைத்தார். மச்சாள் கொண்டுவந்த தேத்தண்ணியை இன்ஸ்பெக்டர் ஊதி ஊதிக் குடித்தார். மூன்றாவதில் பாதிப் பெயர் எழுதியிருந்தபோது உள்ளே அழுகைக் குழறல் எழும்பியது.

கனகசபாபதி மணிக்கூட்டை வெளியே எடுத்தார். நாலு இருபது. அவருடைய முகத்தில் இருந்த பதற்றம் அப்போதுதான் குறைந்தது.

"பிரயாணம் நாலு பத்துக்குப் பூர்த்தி," என்று அவர் பஞ்சலிங்கத்திடம் மெதுவாகச் சொன்னார். "இது பத்து நிமிசம் பிந்தி நடந்தது. கம்பனிக்கு இதிலை ஒண்டுமில்லை." பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, உண்மையாகவே வருத்தப்பட்டு, முத்துக்குமாருவிடம், "மிச்சப் பேரையும் எழுதிவிடுங்கோ அண்ணை," என்றார்.

முத்துக்குமாரு எழுதினாரா இல்லையா என்று அவருக்கே பிறகு நினைவில்லை. உள்ளே போனபோது சின்னத்தங்கம் மகளின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். அம்மா ஏதும் சொன்னாளா என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் தடவிப் பார்த்தவ, பிறகு சாய்ந்துவிட்டா என்று பிள்ளை அழுதது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தும், அவள் தனக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக இடம் கொடுக்காமல் விட்டோமே என்ற எண்ணம் அவரை அரித்தது. சாம்பல் அள்ளிக் காடாற்றின அன்றும் அரித்தது, எட்டாம் நாள் சடங்கு கழிந்தும் அரித்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும் விடவில்லை.

அந்தியேட்டி முடிந்த நாலாம் நாள் கம்பனிக் கடிதம் வந்தது. மேற்படி பிரயாணத்தில் பிரயாணி ஒரு முறைப்பாடு எழுதியிருப்பதாகவும், அது பற்றி விசாரணை நடப்பதாகவும், பிரயாணியும் வாடகைக்காரரும் தவறாமல் சமுகம் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

முத்துக்குமாரு விடியப்புறமே எழும்பிப் போனார். அதே மேசை, அதே எரிகிற கார். நேசையா நடுவில், இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம், நவரட்ணம் மறுபக்கம். பஞ்சலிங்கமும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். பிரயாணி ஏன் வரவில்லை என்று நேசையா கேட்டார். இறந்துபோனதைச் சொன்னார்கள். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது என்று நேசையா தலையாட்டி, அதை நிரப்பச் செய்து, பிறகு தொண்டையைச் செருமினார்.

"கம்பனி தொடங்கின நாளிலையிருந்து இந்தப் பகுதியிலை ஒருத்தரும் முறைப்பாடு எழுதினதில்லை. உம்முடைய மனுசி எழுதியிருக்கிறா. இங்கிலீசிலை மாத்திக் கொழும்புக்கு அனுப்பினம். சாப்பாடு எந்தப் பாதுகாப்பிலை வருகுது எண்டு தலைமைக் கந்தோர் எங்களைக் கேக்குது. நாங்கள் என்ன மறுமொழி சொல்லுறது? நவரட்ணம், வாசியும்."

நவரட்ணம் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். அவருக்கு எப்போதும் எழும்பாத குரல் அன்றைக்கு இன்னும் இறங்கியிருந்தது.

"'இவர் இண்டைக்கு விடிஞ்சதிலையிருந்து ஒண்டும் சாப்பிடயில்லை. ஆரும் இவரைச் சாப்பிடச் சொல்லுங்கோ.'"

பஞ்சலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நேசையா விசாரணையை நடத்தினார். இந்த முறைப்பாடு கம்பனிமேலா? முத்துக்குமாரு இல்லையென்று தலையாட்டினார். கார்க்காரன்மேலா? இல்லை. அப்படியென்றால் யார்மேல் என்று திட்டமாகச் சொல்ல வேண்டும், ஆள் இல்லாத முறைப்பாட்டைக் கோப்பில் போட முடியாது.

"என்னிலைதான் ஐயா," என்றார் முத்துக்குமாரு.

"அண்டைக்குச் சாப்பிட்டீரோ?"

"இல்லை."

"அப்ப முறைப்பாடு உண்மை?"

"உண்மை ஐயா."

நேசையாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. எழுதும் நவரட்ணம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முறைப்பாடு விசாரிக்கப்பட்டு நிரூபிக்கப்பட்டது. கம்பனிக்குப் பொறுப்பில்லை. எதிராளி குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால், இனிமேல் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கப்பட்டார். கொழும்புக்கு ஒரு பிரதி.

அந்தக் கடுதாசியைத் தனக்குத் தர முடியுமா என்று முத்துக்குமாரு கேட்டார். முடியாது, அது கம்பனியின் சொத்து. பிரதி வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம். விபத்து, களவு, நெருப்பு, வழக்கு என்ற நாலு காரணத்தில் ஒன்றைக் காட்ட வேண்டும். முத்துக்குமாரு நாலையும் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. பார்க்கவாவது விடுங்கோ என்றார்.

பார்ப்பதற்கு விதியில் தடையில்லை. நவரட்ணம் பத்திரத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, ஒரு மூலையை மட்டும் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவளுடைய உருண்டை எழுத்து. இரண்டாவது வரி கோணலாய்க் கீழே இறங்கியிருந்தது. முத்துக்குமாரு எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார், முடித்துவிட்டு முதலிலிருந்து வாசித்தார். அடுத்த அலுவலுக்கு நேரமாகிறது என்று நேசையா இரண்டு தரம் செருமினார். நவரட்ணம் விரலை எடுக்கவுமில்லை, கடுதாசியை இழுக்கவுமில்லை.

வெளியே வந்தபோது உச்சி வெயில். மீசாலைக்குக் கூட்டிப்போய் விடுகிறேன், காசு வேண்டாம் அண்ணை என்று பஞ்சலிங்கம் வற்புறுத்தினான். காரில் ஏற அவருக்கு மனமில்லை. பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். வழியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையைக் கண்டு நின்றார். அன்றைக்கும் விடிந்ததிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உள்ளே போய் ஒரு மூலையில் இருந்தார். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். முதல் வாய் இறங்கவில்லை, தண்ணீர் குடித்து இறக்கினார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அதையும் பிசைந்து சாப்பிட்டார். பரிமாறுகிறவர் பக்கத்தில் வந்து, இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டார்.

"போடும்," என்றார் முத்துக்குமாரு.